கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

செஸ் ஆடும்போது எதிரே இருப்பவர், "பரவாயில்ல, அந்தக் காயை எடுத்து வேற இடத்துல வைங்க" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வருகிறது. சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், தெரியும். போன மாதம்கூட எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டுக்காரர் அப்படிச் சொல்லப்போய், நான் பதிலுக்குச் சொன்ன வார்த்தையில் கையிலிருந்த காபியைப் பாதியில் வைத்துவிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த சமயம். வேலையெல்லாம் பழைய துறைமுகத்தில்தான். கரைக்கு வர ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஜெட்டிக்கு, அதாவது கரையிலிருந்த இறக்குமேடைக்கு, வரும். காற்று பலத்து, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் தோணி போகாது. தோணி போகாவிட்டால் எங்கள் ஆபீஸில் யாருக்கும் வேலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வாரத்துக்கு ஒரு நாளாவது இப்படி வாய்க்கும். மேனேஜர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். பின்னறையில் செஸ் பலகை விரியும்.

பலகை என்றால் தேயிலைப் பெட்டியின் மூடி. அதில் யாரோ மையால் கட்டம் போட்டிருந்தார்கள். காய்களில் ஒரு கறுப்பு யானை தொலைந்துபோய், அதற்குப் பதிலாக ஒரு மைக்கூட்டின் மூடி நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அந்த மூடியை யானை என்று மறந்துபோய்த் தோற்பார்கள். நான் ஒருநாளும் மறந்ததில்லை.

எனக்கு ஆட்டம் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆபீஸில் அதை யாரும் நம்பவில்லை. எங்கள் வீடு நாசரேத்தில், அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். நான் செஸ் கற்றது பாளையங்கோட்டையில், கல்லூரி விடுதியில். எங்கள் வார்டனம்மாவுக்குச் சீட்டுக்கட்டு என்றால் சாத்தானின் கைவேலை. செஸ்ஸை மட்டும், அதில் மந்திரிக்குப் பிஷப் என்று பேர் இருப்பதாலோ என்னவோ, விட்டுவைத்தார். விடுதியில் இரக்கமே கிடையாது. காயைத் தொட்டால் நகர்த்த வேண்டும். வெட்டுக் கொடுத்தால் கொடுத்ததுதான். ராணியை இழந்து அழுதவர்கள் உண்டு. அழுதுவிட்டு மறுநாள் திரும்ப வந்து உட்காருவார்கள்.

அந்த ஆபீஸில் நன்றாக ஆடுகிறவர் ஒருவர்தான். எங்கள் தலைமை டாலி கிளார்க். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேனேஜர் முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தோணியிலிருந்து இறங்குகிற மூட்டைகளை ஜெட்டியில் நின்று எண்ணுவதுதான் டாலி வேலை. மூட்டைக்கு ஒரு கோடு. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார்கள். எதிர்ப் பக்கம் கப்பல்காரர்களின் ஆள் ஒருவர் இதேபோல் போட்டுக்கொண்டு நிற்பார். இரண்டு தாளும் ஒத்துப்போக வேண்டும். அண்ணாச்சி இருபது வருஷமாக வெயிலில் நின்று கோடு போட்டவர். அவருடைய பெருமை ஒன்றே ஒன்று: "போட்ட கோட்ட நான் அழிச்சது கெடையாது. தப்பாப் போட்டா குறுக்க ஒரு அடி அடிச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். கோட்ட அழிக்கிறவன் ஜெட்டியில நிக்கப்படாது." இதை மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். நாங்களும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வோம். மரியாதைக்கு உரிய மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

செஸ்ஸுக்கும் அதே டாலிதான். பின்னறையில் பழைய தாள்கள் வைக்கிற மர அலமாரி ஒன்று உண்டு. அதன் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஆளுக்கு ஒரு பத்தி. ஜெயித்தால் ஒரு கோடு. கோடு போடுகிற அதிகாரம் அண்ணாச்சிக்கு மட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு மாதத்தில், ஒரு கூண்டு நாளில், "நானும் ஆடலாமா?" என்று கேட்டேன். அண்ணாச்சி பெரிதாகச் சிரித்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐந்தாறு நகர்த்தலில் என் குதிரையை அவருடைய சிப்பாய்க்கு எதிரே கொண்டுபோய் வைத்துவிட்டேன். புது இடம், படபடப்பு. அவர் நாக்கை "ச்சொ" என்று கொட்டி, தன் கையாலேயே என் குதிரையை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்தார்.

"பாத்து ஆடும்மா. வேற வை."

எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது.

ஒரு தடவையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒன்றோ இரண்டோ. பல சமயம் நான் தெரிந்தேதான் காயைப் பலி கொடுத்திருப்பேன், நாலு நகர்த்தல் தள்ளி எனக்கு ஒரு திட்டம் இருக்கும். அதற்குள் "ச்சொ" வந்துவிடும், காய் பழைய இடத்துக்குப் போய்விடும். "இல்ல அண்ணாச்சி, அது இருக்கட்டும்" என்றால், "அட, எடுத்துக்கிடும்மா, யாரு என்ன சொல்லப் போறா" என்பார். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

ஆண்களிடம் அவர் அப்படி இல்லை. எங்கள் ஆபீஸில் சின்ன கிளார்க் ஒருவர் இருந்தார், தருவைகுளத்துக்காரர், கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவர் விரல் நுனி ஒரு காயில் பட்டால் போதும், அண்ணாச்சி விடமாட்டார். "தொட்டுட்டல்லா? நகத்துலே" என்பார். அந்த மனுஷன் தொட்ட பாவத்துக்கு ராஜாவையே நடுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தித் தோற்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் நான் அண்ணாச்சியை ஜெயிக்க ஆரம்பித்தேன். முதலில் மாதத்துக்கு ஒன்று, பிறகு அடிக்கடி. ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி எழுந்துபோய் என் பத்தியில் ஒரு கோடு போடுவார், பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளியும் வைப்பார். மற்றவர்கள் கோட்டில் புள்ளி இல்லை. டைப் அடிக்கும்போது என் பெயருக்கு முன்னால் செல்வி என்று சேர்ப்பதுபோல, இதுவும் பெண் என்பதற்கு ஏதோ அடையாளம் போல என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு கோடு, பதினொரு புள்ளி. அந்தப் பதினொன்றை நினைத்து நாசரேத்துக்குப் போகிற பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

டாலித் தாள்களைக் கூட்டிச் சுருக்கி எழுதி என்னிடம் தருவது சின்ன கிளார்க்கின் வேலை. ஒரு தடவை ஊரில் கோயில் திருவிழா என்று அவர் லீவில் போய்விட்டார். ஜெட்டியிலிருந்து வந்த தாள்கள் அப்படியே என் மேசைக்கு வந்தன. அண்ணாச்சியின் கோடுகள், சீவி விட்டதுபோல் வரிசையாக. நடுநடுவே சில கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி. தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, இந்தப் புள்ளி வச்ச கோட்டையெல்லாம் எதுல சேக்கணும்?"

அவர் ஏதோ பில்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது கிழிசல் மூட்டைம்மா. வந்தது வந்துட்டு, ஆனா ஒழுகுது. எண்ணிக்கையில சேத்துக்கிடு. அடியில தனியா, கிழிசல் இத்தனைன்னு அடிச்சிரு."

என் இடத்துக்கு வந்து தாளை மெஷினில் சொருகினேன். ஒரு வரி அடித்தேன். அதற்குமேல் விரல் ஓடவில்லை. எழுந்து பின்னறைக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். பதினொன்று. அத்தனையும் கிழிசல். ஒன்றுகூட முழு மூட்டை இல்லை. ஒரு வருஷமாக இந்த ஆபீஸில் என்னைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். நான் ஜெயித்த ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்களே, அப்போதும் தெரியும்.

நேராக அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன்.

"என் கோட்டுல என்னத்துக்குப் புள்ளி வச்சிய?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்சம்கூட அசரவில்லை. "காயைத் திருப்பி எடுத்து ஜெயிச்சதுல்லாம்மா அது. கணக்கு கணக்கா இருக்கணும்லா?"

"திருப்பி எடுக்கேன்னு நான் கேட்டனா?"

"கேக்காட்டா என்ன, குடுத்தது குடுத்ததுதான?"

நான் கேட்காத ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, கடன்காரியைப்போல என் பேருக்கு எதிரே குறித்தும் வைத்திருக்கிறார். அவர் பெருந்தன்மையும் அவரோடு, என் வெற்றியும் அவரோடு. எனக்கு மிஞ்சியது பதினொரு புள்ளி. இனிமேல் என்னோடு ஆடினால் தொட்ட காயைத் தொட்டபடி ஆட வேண்டும், வெட்டு விழுந்தால் வெட்ட வேண்டும் என்றேன். "சரிம்மா, சரி. இதுக்குப் போயி இப்படிக் கோவிக்கியே" என்றார்.

அடுத்த கூண்டு ஏறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னல் கதவைக் காற்று அடித்து அடித்துச் சாத்தியதில், சின்ன கிளார்க் அதைக் கயிறு போட்டுக் கட்டினார். நானும் அண்ணாச்சியும் உட்கார்ந்தோம். அன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றுதான்: புள்ளி இல்லாத ஒரு கோடு. அல்லது, இன்றைக்கு நான் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு முழுத் தோல்வி. இரண்டில் எது வந்தாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக வந்திருந்தேன்.

ஆட்டம் பாதியில் என் யானையை அவருடைய பிஷப்பின் வழியில் விட்டுவிட்டேன். சுத்தமான கவனக்குறைவு. வைத்த மறுநொடியே பார்த்துவிட்டேன். அவரும் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். இந்தத் தடவை "ச்சொ" இல்லை. காயைத் திருப்பி வைக்கவும் இல்லை. தாடையைத் தடவினார், விட்டத்தைப் பார்த்தார், ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

"அண்ணாச்சி, யானை வெட்டுல இருக்கு."

"எது? நான் பாக்கல்லியே" என்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பத்து நிமிஷத்தில் நான் ஜெயித்தேன். அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். ஒரு கோடு. பக்கத்தில், அதே புள்ளி.

"இதுக்கு ஏன்?"

"நான் வெட்டாம விட்டன்லாம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் அழவில்லை. அவர்கள் முன்னால் அழுதால் அதற்கும் ஒரு புள்ளி வைப்பார்கள். "இன்னொரு ஆட்டம்" என்றேன். டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் அவர் அலட்சியமாக இருந்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே, தன் ராணியைத் தூக்கி என் குதிரையின் வாயில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். டம்ளர் அவர் உதட்டிலேயே நின்றது.

"ச்சொ" என்றார், இந்தத் தடவை தனக்கே. என் முகத்தைப் பார்த்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "அவிய எத்தன தடவ குடுத்திருக்காவ" என்றது.

நான் அந்த ராணியை வெட்டியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் சொல்கிறேன், வெட்டியிருக்க வேண்டும். ஆனால் நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. நல்ல பிள்ளை என்று பேர் வாங்கியே வளர்ந்தவள். கல்நெஞ்சக்காரி என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்ற பயம், ராணியைவிடப் பெரிதாக இருந்தது. "எடுத்துக்கிடுங்க, அண்ணாச்சி" என்றேன்.

சட்டென்று எடுத்தார். ஒரு நன்றி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு உயிரைக் கொடுத்து ஆடினார். என்னைத் தோற்கடித்தார். எழுந்துபோய்த் தன் பத்தியில் ஒரு கோடு போட்டார். சாக்பீஸை டப்பாவில் போட்டார். கதவைச் சாத்தப் போனார்.

"புள்ளி?" என்றேன்.

"என்னத்துக்கு?"

"ராணியைத் திருப்பி எடுத்தியளே."

"அது கை தவறினதும்மா. தெரியாம ஆடினதா?"

கேட்டீர்களா? நான் செய்தால் தெரியாமல் ஆடியது. அவர் செய்தால் கை தவறியது. நான் எழுந்தேன். டப்பாவிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். அந்த அறையில் அவரைத் தவிர யாரும் தொட்டிராத சாக்பீஸ் அது. அவர் கோட்டுக்குப் பக்கத்தில் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு புள்ளி வைத்தேன்.

அண்ணாச்சி கட்டைவிரலால் அந்தப் புள்ளியைத் தேய்த்து அழித்தார்.

அவ்வளவு நேரம் ஜன்னலோரம் நின்ற சின்ன கிளார்க், தன்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டார். "அண்ணாச்சி, அழிச்சிட்டியளே."

அண்ணாச்சி தன் விரலைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே ஒவ்வொருவராக நழுவினார்கள்.

நான் நின்றேன். என் பத்தியில் பன்னிரண்டு கோடு, பன்னிரண்டு புள்ளி. நான் எதையும் அழிக்கவில்லை. ஜெட்டியில் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்தேன். பன்னிரண்டுக்கும் குறுக்கே ஒரே அடியாக அடித்து, ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டேன். கிழிசல் மூட்டை எனக்கு வேண்டாம். ஒப்புக்கொண்டால் அவரும் கையெழுத்துப் போடட்டும்.

அவர் போடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு ஆடவும் இல்லை. ஆபீஸில் எனக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றார்கள். விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொண்டவள் அங்கே நான் ஒருத்திதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. சின்ன கிளார்க் மட்டும் எப்போதாவது என்னோடு உட்காருவார். வெட்டு விழுந்தால் வெட்டுவார். கருணையே கிடையாது. அவரிடம் எனக்கு நான்கு கோடு கிடைத்தது, ஒன்றிலும் புள்ளி இல்லை. ஆனால் மனசு ஆறவில்லை. பன்னிரண்டு தடவை புள்ளி வைத்தவர் சின்ன கிளார்க் இல்லையே.

மார்கழியில் ஒரு கூண்டு நாள். நான் பலகைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். பேசாமல் காய்களை அடுக்கினார். மைக்கூட்டு மூடியை அதன் கட்டத்தில் வைத்தார். ஆடினோம்.

ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறியில் முன்பின் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தேன். ராணியைக் கொண்டுபோய் அந்த மைக்கூட்டு மூடிக்கு நேர் எதிரே வைத்தேன். மறக்கவே மாட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டேனே, அதே மூடிக்கு.

அவர் கை வந்தது. பழக்கம். என் ராணியைப் பழைய கட்டத்தில் வைக்க வருகிற அதே கை, அதே வளைவு. பலகைக்கு மேலே வந்து, காற்றில் நின்றது. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நாக்கு கொட்டவில்லை.

கை இறங்கியது. மூடியை எடுத்து என் ராணியை வெட்டினார். "டொக்" என்று வைத்தார்.

பதினைந்து நகர்த்தலில் தோற்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து தோற்றேன். அவர் எழுந்துபோய்த் தன் பத்தியில் ஒரு கோடு போட்டார். அவரிடம் நான் பெற்ற முதல் முழுத் தோல்வி அது. அதற்காக நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் மாடி வீட்டுக்காரர் சிரிப்பார்.

சாக்பீஸ் இன்னும் அவர் கையில் இருந்தது. என் பத்தியைப் பார்த்தார். குறுக்கே அடித்த பன்னிரண்டையும், என் கையெழுத்தையும், பக்கத்தில் விட்டிருந்த இடத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போடவில்லை. சாக்பீஸை டப்பாவில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டம். அவர் ஜெயித்ததும் உண்டு, நான் ஜெயித்ததும் உண்டு. புள்ளி கிடையாது. வேலையை விட்டுவிட்டுப் போகிற நாளில் கடைசியாக அலமாரியைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த இடம் அப்படியே காலியாக இருந்தது. டப்பாவிலிருந்து சாக்பீஸை எடுத்து அண்ணாச்சியின் மேசையில், அவருடைய கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன்.